பென்சில் உத்தரவு

அவருடைய எழுத்து முத்துமுத்தாக இருக்கும். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். இனி வருவதெல்லாம் வயிற்றெரிச்சல். ‘அவர்’ என்று எழுதுவதுகூட அச்சில் வரப்போகிறதே என்பதற்காகத்தான். வீட்டில் பேசும்போது ‘அந்தாளு’ என்றுதான் எனக்கு வாயில் வரும்.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. ஒரு பல்கலைக்கழக அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம், பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து உள்ளே இயந்திரங்களை இறக்கியிருந்தார்கள். ஆராய்ச்சிப் புத்தகங்களாகப் போட்டுத் தள்ளுவது என்றுதான் ஆரம்பித்தார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசி வேலை அஞ்சல்வழிப் பாடங்களும் பரீட்சை விண்ணப்பங்களும்தான். போனால் போகிறது என்று நடுவில் ஒரு ஆராய்ச்சிப் புத்தகம் வரும். தகரக் கூரை வேறு. சித்திரை வைகாசியில் உள்ளே உட்கார்ந்திருந்தால் மண்டை கொதிக்கும். அந்த இடத்துக்கு அவர் சூப்பிரண்டு.

காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்ததும் பென்சில் சீவுவார். பிளேடால், நிதானமாக, சீவல் எல்லாம் ஒரு துண்டுத் தாளில் விழும்படி. சட்டைப் பையில் மைப்பேனாவும் இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அதன் மூடியை அவர் கழற்றிப் பார்த்தவர் எங்கள் அச்சகத்தில் யாரும் கிடையாது. எந்த உத்தரவும் பென்சில்தான். ‘அச்சிடலாம்’ என்பதும் பென்சில், ‘இன்னொரு புரூஃப் வேண்டாம்’ என்பதும் பென்சில், ஒருத்தருக்கு அரை நாள் லீவு என்றாலும் பென்சில். அதை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் வேலை பார்த்தோம். சூப்பிரண்டு கைப்பட எழுதிக் கொடுத்தபிறகு மையால் எழுதினால்தான் செய்வேன் என்று யார் போய்ச் சட்டம் பேசுவது?

சனிக்கிழமை அரை நாள் வேலை. அது மை போடுகிற நாள். அந்த வாரம் அவர் பென்சிலில் எழுதிய தாள்கள் எல்லாம் வேலை முடிந்ததும் என் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு நான் அவர் அறைக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த உத்தரவால் நடந்த வேலை நல்லபடியாக முடிந்திருந்தால் தாளை என் பக்கம் தள்ளுவார்.

“மேல மை ஓட்டும்மா.”

அவருடைய பென்சில் எழுத்தின் மேலேயே நான் பேனாவை ஓட்டவேண்டும். பிறகு கீழே அவர் கையெழுத்துப் போடுவார். தேதி மட்டும் திங்களோ செவ்வாயோ, உத்தரவு கொடுத்த நாளுக்கு இருக்கும். வேலை கோளாறாகப் போயிருந்தால் இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுப்பார். நாலு இழுப்பு. தூளை வாயால் ஊதித் தள்ளுவார். முடிந்தது. அப்படி ஒரு உத்தரவை அவர் கொடுக்கவே இல்லை. கொடுக்காத உத்தரவைக் கேட்டு வேலை செய்த முட்டாள் யாரோ, அவன் தலையில் விடியும்.

முதல் சனிக்கிழமை நான் திருதிருவென்று விழித்தேன். “என்ன சார் இது?” என்று கேட்டும்விட்டேன். எம்.ஏ. படித்துவிட்டு வந்த திமிர் அப்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“எழுதுன ஒடனே மை போட்டா அப்பறம் அடிச்சுத் திருத்தணும்மா. ஃபைல் அசிங்கமா இருக்கும்ல?” என்றார். ஃபைல் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகவாம். என்ன ஒரு கலையுள்ளம்!

நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என்னுடையது தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள். நிரந்தரமாக்குவதற்கு அவர் சிபாரிசு எழுதவேண்டும். சிம்மக்கல்லில் எங்கள் வீட்டில் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “நெரந்தரம்னு காகிதம் வந்தா சரி, வேலைக்குப் போ. வரலேன்னா தை பொறந்ததும் எங்கண்ணன் மகனுக்குப் பேசி முடிச்சிருவேன்.” அந்த மாமன் மகனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் அரிசி மில் இருந்தது. என் புத்தகங்களைப் பார்த்து, “இம்புட்டையும் எங்க வைக்கிறது, எடைக்குப் போட்டுட்டு வரச் சொல்லுங்க” என்று என் முன்னாலேயே சிரித்தவன். அந்தக் காகிதம் ஒன்றுதான் எனக்கும் அவனுக்கும் நடுவே இருந்த சுவர். அது அவர் கையில் இருந்தது. பென்சிலில்கூட இன்னும் எழுதப்படாமல் இருந்தது.

டீ விஷயத்தில்கூட அந்த மனிதர் அப்படித்தான். கடைக்காரர் வந்து, “சாருக்கு டீயா காப்பியா?” என்று கேட்டால், “அவங்கள்லாம் என்ன சாப்புடுறாகளோ அதவே குடு” என்பார். டீ வரும். டீ நன்றாக இருந்தால் பேசாமல் குடித்துவிடுவார். கழுநீராக இருந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, “நான் காப்பி சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்று எங்களைப் பார்ப்பார். ஒரு கிளாஸ் டீக்குக்கூடப் பொறுப்பேற்காத பிறவியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அச்சுக்கோப்புப் பகுதிக்குப் பால்ச்சாமி அண்ணன் ஃபோர்மேன். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். தினம் இரண்டு பஸ் மாறி வந்து எங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சூப்பிரண்டை என்னோடு சேர்ந்து திட்டுவதற்கு அங்கே இருந்த ஒரே துணை அவர். திட்டுவார் என்றா சொன்னேன்? சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

“அந்தாளு தாலி கட்டுறப்ப ரெண்டு முடிச்சுத்தான் போட்ருப்பாரு தங்கச்சி. மூணாவதச் சனிக்கெழம பாத்துக்கலாம்னு வச்சிருப்பாரு.”

தன் மகள் கல்யாணத்தில் சூப்பிரண்டு அதை உண்மையாகவே ஆக்கிக் காட்டினார். பத்திரிகையை டவுனில் ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தார். நிச்சயம் முடிந்து ஒரு மாதமாகியும் ‘அடிக்கலாம்’ என்று சொல்லவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிவிட்டால் அச்சடித்த பத்திரிகையை என்ன செய்வது? அவர்கள் மாறவே இல்லை. கடைசியில் முகூர்த்தத்துக்கு முதல்நாள் பத்திரிகை எங்கள் கைக்கு வந்தது. பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிந்து தபாலில் வந்தது. அவர் சம்சாரம் மண்டபத்து வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். “ஊருபூரா கேக்குறாக, ஒளிச்சு ஒளிச்சா கல்யாணம் பண்றீகன்னு!” என்றாள். “பிரஸ்காரன் லேட் பண்ணிட்டான்” என்றார் அவர். அசராமல் சொன்னார்.

சிரிக்கிற விஷயம் அதோடு சரி. ஒரு பட்டமளிப்பு விழா உரைக்கு அட்டை அடித்தோம். இரண்டு நிறம். எந்த இரண்டு என்று அவர்தான் பென்சிலில் எழுதிக் கொடுத்தார். அச்சாகி மேடைக்குப் போனபிறகு யாரோ ஒரு பெரிய மனிதர், இது இன்ன கட்சிக் கொடி மாதிரி அல்லவா இருக்கிறது என்று கிளப்பிவிட்டார். சனிக்கிழமை வந்தது. ரப்பர் எடுத்தார், ஊதினார். நிறத்தை அவனாகவே தேர்ந்தெடுத்தான் என்று மிஷின்காரரைப் பேப்பர் கிடங்குக்கு மாற்றினார்கள். எட்டு வருஷம் மிஷினில் நின்ற மனிதர், அங்கே போய்த் தாள் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு அதே அறையில், அதே மேஜைக்கு எதிரில், மற்ற தாள்களுக்கு மை ஓட்டிக்கொண்டிருந்தேன். பேசவில்லை. பேசியிருந்தால் என் நீட்டிப்பு நின்றிருக்கும்.

அச்சகத்துக்குப் பத்து வருஷம் ஆனபோது ஒரு மலர் போட்டார்கள். அச்சகத்தின் வரலாற்றை அவர் எழுதவேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பக்கம் எழுதினார், பென்சிலில்தான். நான் புரூஃப் பார்த்தேன். இடம் வாங்கப்பட்டது, இயந்திரம் நிறுவப்பட்டது, நூல்கள் வெளியிடப்பட்டன. யார் வாங்கினார்கள், யார் நிறுவினார்கள், யார் கோத்தார்கள், ஒரு பெயர் கிடையாது. ஆளே இல்லாத கிட்டங்கியில் தானாகவே புத்தகம் விளைந்தது என்று நினைக்கவேண்டியதுதான். “பேரெல்லாம் போடலாமே சார்” என்றேன். “பேரு போட்டா நாளைக்கி ஆளு மாறும்மா” என்றார். எழுதியவர் பெயரும் அதில் இல்லை. மலரை எல்லோரும் பாராட்டியபிறகு, அடுத்த பதிப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

ஒருநாள் மழையில் ஒத்தக்கடை நிறுத்தத்தில் நானும் அவரும் மாட்டிக்கொண்டோம். பஸ் வருகிற மாதிரி இல்லை. அவராகவே பேச்சை எடுத்தார்.

“முன்னாடி வேற எடத்துல இருந்தேம்மா. இருவத்தஞ்சு வயசு. மேல இருந்தவன் சொன்னான்னு ஒரே ஒரு கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருசம் சஸ்பெண்டு. ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. சொன்னவன் பிரமோஷன்ல போயிட்டான்.”

அவர் குடைக்குள்ளேயே நனைந்துகொண்டிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு முழு நாள் பாவமாக இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. ஒரு பைண்டர் பையனுக்குத் தானே கொடுத்த லீவை அழித்து, ‘சொல்லாமல் நின்றான்’ என்று எழுத வைத்தார். அதோடு பாவம் போயிற்று. அடிபட்டவனுக்கு வலி தெரியும் என்பார்கள், தெரிந்துகொண்டுதானே இந்த மனிதர் அடிக்கிறார் என்று இன்னும் கோபம் வந்தது.

இப்போது கண்மாய்ப் புத்தகத்துக்கு வருகிறேன்.

கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்திய ஒரு விரிவுரையாளர், மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றி எழுதியிருந்தார். எந்தக் கண்மாய் நிறைந்தால் மறுகால் தண்ணீர் எதற்குப் போகும், எந்த மடை யாருடைய பொறுப்பு, எந்த ஊருக்கு முதல் தண்ணீர் என்று ஒன்பது வருஷம் சைக்கிளில் அலைந்து சேர்த்தது. எங்கள் அச்சகம் உருப்படியாகப் போட்ட புத்தகங்களை விரல்விட்டு எண்ணினால் அது முதல் விரல். ஒரு மந்திரியை வைத்து வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக ஏற்பாடு. அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது.

அச்சு வேலையில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். எங்களிடம் இருந்த ஈய எழுத்து நாலைந்து ஃபாரத்துக்கு மேல் தாங்காது. ஒரு ஃபாரத்தைக் கோத்து, அச்சடித்து, பிறகு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துப் பெட்டியின் சிற்றறைகளில் போட்டால்தான் அடுத்த வேலைக்கு எழுத்துக் கிடைக்கும். அச்சடிக்கும் முன்னால் பிரித்துவிட்டால் தொலைந்தது. அதனால் எந்த ஃபாரம் ஓடி முடிந்தது என்கிற நோட்டு சூப்பிரண்டிடம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து அவர் ‘பிரிக்கலாம்’ என்று புரூஃப் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் பால்ச்சாமி அண்ணன் எழுத்தில் கை வைப்பார்.

அந்தத் திங்கட்கிழமை பரீட்சை விண்ணப்பம் ஒன்று அவசரமாக வந்தது. எழுத்து போதவில்லை. கண்மாய்ப் புத்தகத்தின் ஒன்பது, பத்து, பதினொன்றாம் ஃபாரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. பதினொன்றை முந்தின வாரம் மிஷினில் ஏற்றியிருந்தார்கள். கரண்டு போனது. கரண்டு வந்ததும் வேறு அவசரம் என்று அதை இறக்கிச் சாய்த்துவிட்டு மறந்துவிட்டார்கள். பார்க்க மற்ற இரண்டைப் போலத்தான் மை பூசி இருந்தது. பால்ச்சாமி அண்ணன் சூப்பிரண்டு அறைக்கு வந்தார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“சார், பதினொண்ணு முழுசா ஓடிருச்சா? நோட்டப் பாத்துச் சொல்லுங்க சார்.”

“எல்லாம் ஓடியாச்சுப்பா. நொய்நொய்ங்காத.”

நோட்டு அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. திறக்கவில்லை. புரூஃப் தாளின் மேல் ஓரத்தில், அந்த அழகான எழுத்தில், ‘9, 10, 11 பிரிக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலைக்குள் மூன்றையும் பிரித்துவிட்டார்கள். தாள் வழக்கம்போல் என் மேஜைக்கு வந்தது. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

புதன்கிழமை பைண்டர் ஃபாரங்களை வரிசையாக அடுக்கினார். பத்துக்குப் பிறகு பன்னிரண்டு. தேடினார்கள், தேடினார்கள், இருந்தால்தானே கிடைக்கும்? மறுபடி கோத்து, திருத்தி, அடித்து, காயவைத்துக் கட்ட இன்னும் பத்து நாளாவது வேண்டும். மந்திரிக்குச் சொல்லி விழாவை நிறுத்தினார்கள். துணைவேந்தர் குதித்த குதி ஒத்தக்கடை வரை கேட்டது. புத்தகம் எழுதியவர் மட்டும்தான் சாந்தமாக இருந்தார். “ஒம்பது வருசம் இருந்தேன், பத்து நாள் இருக்கமாட்டேனா? யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் பேச்சு யாருக்கு வேண்டும்? மந்திரிக்குச் சொல்வதற்கு ஒரு தலை வேண்டும். வெள்ளிக்கிழமை காலை விசாரணை என்று உத்தரவு வந்தது. அச்சகம் முழுக்க ஒரே பேச்சு, வேலை போகப்போவது சூப்பிரண்டுக்கா ஃபோர்மேனுக்கா என்று.

பால்ச்சாமி அண்ணன் கலங்கவில்லை. பதினொன்றாம் ஃபாரத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே மறுபடி கோத்துக்கொண்டிருந்தார். “சார் எழுத்து ஒன்ட்ட பத்திரமா இருக்குல்ல தங்கச்சி. இந்தவாட்டி சனிக்கெழமைக்கு முன்னாடியே விசாரணை வந்துருச்சு. எனக்கென்ன பயம்?” என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் சூப்பிரண்டு என் மேஜைக்கு வந்தார். அவர் யார் மேஜைக்கும் வருகிறவர் இல்லை. நின்றுகொண்டே பேசினார்.

“ஏம்மா, ஒன் நெரந்தர ஆர்டருக்கு என் சிபாரிசு கேட்டுக் கடுதாசி வந்துருக்கு. டைப் அடிச்சு வச்சாச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

நான் எழுந்து நின்றேன்.

“நாளைக்கி விசாரணைக்கு வாராக. ஒன் மேஜையில தாளெல்லாம் சுத்தமா இருக்கட்டும்.”

சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். போய்விட்டார். ‘அழி’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். நாளைக்கு நான் போய் யாரிடம் என்ன புகார் சொல்வது? மேஜையைச் சுத்தமாக வை என்றார், அதுவா குற்றம்? அடப்பாவி மனுஷா என்று நெஞ்சுக்குள் ஆயிரம் திட்டு திட்டினேன். சாவியை எடுத்து இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எதிர்ப்பக்கம் பால்ச்சாமி அண்ணன் குனிந்து எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா முகம் வந்தது. அரிசி மில் வந்தது. எடைக்குப் போடப்போகிற என் புத்தகங்கள் வந்தன. இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த பால்ச்சாமி அண்ணன் முகமும்தான் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் கை கழுவக் குழாயடிக்குப் போன நேரத்தில் அழித்தேன்.

ஆமாம், நான்தான் அழித்தேன். நாலு இழுப்பு போதவில்லை. அவர் அழுத்தி எழுதியிருந்தார். தாள் கிழிந்துவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து, மெதுவாக, ரொம்ப நேரம் தேய்த்தேன். தூளை ஊதினேனா, கையால் தள்ளினேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் உதவிப் பதிவாளர். எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். சூப்பிரண்டு நோட்டைத் திறந்து காட்டினார். பதினொன்று ஓடவில்லை என்று அதில் சுத்தமாக இருந்தது. ஓடாத ஃபாரத்தைப் பிரிக்கத் தான் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

“தங்கச்சிட்ட தாளு இருக்குங்கய்யா. சார் கைப்பட எழுதுனது” என்றார் பால்ச்சாமி அண்ணன். குரலில் ஒரு பதற்றம் கிடையாது.

நான் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி முன்னும் பின்னும் திருப்பினார். “எங்கப்பா இருக்கு?” என்றார். பால்ச்சாமி அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து சூப்பிரண்டைப் பார்த்தார். அவரைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சூப்பிரண்டு சுவரில் இருந்த காலண்டரில் கண் வைத்திருந்தார்.

“அம்மா, இதுல சூப்பிரண்டு ஏதாச்சும் எழுதிக் குடுத்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது சார்” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அடக்கமுடியவில்லை. பொம்பளைப் பிள்ளை பயந்துவிட்டது என்று அதிகாரி என்னை வெளியே அனுப்பினார்.

பால்ச்சாமி அண்ணனுக்கு வேலை போயிற்று. அதிகாரி கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் என் சிபாரிசில் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். மையில் போட்டார், அன்றைய தேதியிலேயே போட்டார். தை மாதம் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எழவில்லை. கண்மாய்ப் புத்தகம் முழுசாக வந்தது. பதினொன்றாம் ஃபாரத்தை நான்தான் புரூஃப் பார்த்தேன். திருத்த ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

அதன் பிறகு அந்த மனிதர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அதுவரை ‘ஓட்டும்மா’, ‘போம்மா’ என்றவர், ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ என்றார். டீ வந்தால் எனக்கு முதலில் நீட்டச் சொன்னார். ஓய்வுபெற்றுப் போகிற நாளில் பாராட்டு மேடையில், தான் முழுசாக நம்பிய ஒரே ஆள் என்று என்னைக் கைகாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று இருந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஒருநாள் திருமங்கலம் போவதற்காகப் பெரியார் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். “தங்கச்சி!” என்று யாரோ கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டையில் பால்ச்சாமி அண்ணன். தலை பாதி நரைத்திருந்தது. கப்பலூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வாட்ச்மேனாம். வேறு அச்சகங்களில் கேட்டுப் பார்த்தாராம். பல்கலைக்கழகத்தில் நீக்கின ஆள் என்று யாரும் சேர்க்கவில்லையாம். பெரிய பையன் படிப்பை விட்டுவிட்டு லாரி செட்டில் இருக்கிறானாம். இதையெல்லாம் ஒரு குறையும் இல்லாத மாதிரி சொல்லிவிட்டு, “நீ எப்பிடிம்மா இருக்க? இன்னும் அங்கதானா?” என்று கேட்டார்.

“அங்கதாண்ணே” என்றேன். அந்த வருஷம்தான் என்னைச் சூப்பிரண்டு ஆக்கியிருந்தார்கள். அதைச் சொல்லவில்லை.

“சந்தோசம்மா. நல்ல வேலை, விட்றாத.” அவர் பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவர் திரும்பி நின்றார். “அந்தாளு எப்பிடியோ ஒன் டிராயரத் தொறந்து அழிச்சிட்டான். அதுக்கு நீ என்ன செய்வ? அன்னைக்கி அம்புட்டுப் பேரு சுத்தி நின்னாங்க, எனக்காக அழுதது நீ ஒருத்திதான். வீட்ல இன்னமும் சொல்லுவேன் தங்கச்சி.”

கண்டக்டர் விசில் அடித்தார். பால்ச்சாமி அண்ணன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாண்ணே, அந்தாளுதான்” என்றேன்.